அல்லது அதற்கு இணையானது

தாள் நாற்பத்தொன்று, விவரம் ஏழு.
ஜன்னல் படிக்கல்லின் அடிவயிற்றில்
பத்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் கீறுகிறேன்.
கல்லின் அடியைப் பற்றிக்கொண்டே
சுவருக்குள் நடந்துவிடப் பார்க்கும் மழைத்துளி
அங்கே கால் இடறி விழவேண்டும்.
எந்த நோயாளியும் இதைப் பார்க்கப்போவதில்லை.
இல்லாவிட்டால்தான் பார்ப்பார்கள்,
கட்டிலுக்கு மேலே பழுப்பாய்
யாரும் வரையாத ஒரு வரைபடம் விரிவதை.

வெளியே புவேர்ட்டோ நத்தாலேஸின் காற்று
தகரக் கொட்டகையைப் பிடித்து உலுக்குகிறது.
சாந்தியாகோவிலிருந்து வந்த முதல் வரைவில்
மருந்தகத்தின் வாசல் மேற்கு பார்த்தது,
கதவு வெளியே திறந்தது.
வரைந்தவருக்கும் இந்தக் காற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலும்.
அந்தக் கால்வட்டத்தை அழித்துக் கிழக்கே வைத்தேன்.
கதவு போனால் விளக்கின் சுவிட்சு போகும்,
சுவிட்சின் பின்னால் கம்பிக்குழாய்,
சக்கர நாற்காலிச் சாய்தளம், அதன் ஓர வடிகால்...
ஒரு கோட்டுக்காகப் பதினாறு தாள்களைத் திறந்து மூடினேன்.

வரைவதுகூட எளிது.
எழுதுவதுதான்.
‘தரமாக’ என்றால் யாருடைய தரம்?
‘தேவைக்கேற்ப’ என்றால்?
பள்ளிக்கூடக் கூரைக்கு எழுதினேன்:
துருப்பிடிக்காத எஃகுத் திருகு, அல்லது அதற்கு இணையானது.
ஒப்பந்தக்காரர் பாரியா அந்தக் கடைசி மூன்று சொற்களுக்குள்
லாரியோடு நுழைந்து வெளியே வந்தார்.
இரண்டே குளிர்காலம்.
உப்புக்காற்று திருகுகளின் தலையைத் தின்றது.
ஒரு கூரைத்தகடு மைதானத்தைக் குறுக்கே கடந்தது
ஒரு செவ்வாய்க்கிழமை,
இடைவேளை மணிக்கு நான்கு நிமிடம் முன்பு.
யாருக்கும் ஒன்றுமில்லை.
எனக்குத்தான் அந்த நான்கு நிமிடம்
இன்னும் முடியவில்லை.

ஆகவே இன்றிரவு, பகுதி ஒன்பது, பத்தி நான்கு:
துருப்பிடிக்காத எஃகு.
முற்றுப்புள்ளி வைத்தேன்,
திருகை முறுக்குவதுபோல் அழுத்தி.

செலவு மீறுகிறது, எங்காவது குறையுங்கள் என்று
நகராட்சியிலிருந்து எராக்லியோ கேட்டிருக்கிறார்.
குறைத்தேன்:
முகப்பில் அவர் பெயர் பொறிக்க இருந்த செம்புத்தகடு.

ஏலத்துக்கு இந்த முறையும் பாரியா வருவார்.
மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
நான் எழுதாததை முதலில் படிப்பார்.
அவர் கண்ணால் ஒருமுறை
எல்லாவற்றையும் புரட்டினேன், அட்டவணை, அடிக்குறிப்பு, ஓரம்.

மணி இரண்டே கால்.
தாள் நாற்பத்தொன்று, விவரம் ஏழு.
பள்ளத்துக்கு அகலம் இருந்தது.
ஆழம் எழுதவில்லை.