ஈரமானி

மழை நாளில் போய்ப் பாருங்கள்.
பெர்கனில் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.
வெயிலடிக்கும் அரைமணி நேரத்தைத் தேடிப்பிடித்து
வீட்டைக் காட்டும் தரகர்
சும்மா அப்படிச் செய்வதில்லை.

அடுப்பில் ஏலக்காய் ரொட்டி வெந்துகொண்டிருந்தால்
நிலவறைக்கு இறங்கி மூச்சை இழுங்கள்.
ஒரு சுவருக்கு மட்டும் புது வெள்ளை என்றால்
அந்தச் சுவரோடுதான் பேச வேண்டும்.
அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள்.
கனம், நகராது என்பார்கள்.
நகராத அலமாரிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துத்தான்
இருபத்தைந்து வருடத் தவணையில் வாங்கப்போகிறீர்கள்.

இதைச் சொல்லித்தான் சம்பாதித்தேன்,
இருபத்திரண்டு வருடம்.
இரண்டு ஊசிமுனை வைத்த கருவி.
மரத்தில் குத்தினால் எண் வரும்.
பதினைந்து, சரி.
இருபது, யோசிக்கலாம்.
இருபத்தெட்டு என்றால்
விற்பவர் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொள்வேன்.
"உனக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா ரன்வெய்க்?"
என்று கத்தினார் ஒரு பல் மருத்துவர்.
அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

இப்போது என் வீடு.
ஓட்வார் டிசம்பரில் வடக்கே போய்விட்டான்;
பாதிப் பணம் அவனுக்கு.
தரகர் பெண் இங்வில் வந்து
எங்கள் புகைப்படங்களைக் கழற்றினாள்.
கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழு எலுமிச்சை வைத்தாள்.
நாங்கள் வாங்கியதே இல்லை ஏழு எலுமிச்சை.
யாரோ நல்லபடியாக வாழ்ந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு படிவம்.
"ஈரம், கசிவு, பூஞ்சை ஏதேனும் உங்களுக்குத் தெரியுமா?"
ஆம் என்று ஒரு கட்டம். இல்லை என்று ஒரு கட்டம்.
தெரியும், பார்க்கவில்லை
என்பதற்குக் கட்டம் இல்லை.

வடக்குச் சுவர். பனிச்சறுக்குக் கட்டைகள் அடைத்த அலமாரி.
ஒன்பது வருடம் என் கருவி
ஊரிலுள்ள எல்லாச் சுவரையும் குத்திவிட்டு
இரவில் இந்த அலமாரிமேல்தான் படுத்துக்கொள்ளும்.

காலி செய்தேன். தள்ளினேன்.
கனமாகத்தான் இருந்தது.
குத்தினேன்.
முப்பத்தொன்று.

எழுதினேன், எண்ணோடு.
தொலைபேசியில் இங்வில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கட்டாயம் எழுத வேண்டுமா?" என்று கேட்கவந்து
யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்திருக்கும்.

(ஏலத்துக்கு முந்தின இரவே
உங்கள் உச்சத்தொகையைத் தாளில் எழுதி
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.
மறுநாள் மதியம் போன் அதிர அதிர
தொகையை ஏற்றிக்கொண்டே போவது
நீங்கள் அல்ல, உங்கள் கட்டைவிரல்.)

வியாழக்கிழமை மூன்று பேர் இருந்தார்கள்.
அறிக்கையைப் படித்ததும் இரண்டு பேர் இல்லை.
மூன்றாவது ஹால்டிஸ், படகு மெக்கானிக்.
கொட்டுகிற மழையில்தான் வீடு பார்க்க வந்திருந்தாள்.
கேட்காமலே அலமாரியைத் தள்ளி
சுவரில் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"முப்பத்தொன்றா?"
"முப்பத்தொன்று."
"வெளியே தோண்டி வடிகால் போட என்ன ஆகும்?"
உண்மையான தொகையைச் சொன்னேன்.
அதை அப்படியே கழித்துக்கொண்டு கேட்டாள்,
ஒரு லட்சத்து எண்பதாயிரம் குரோனர் குறைவாக.
அதற்குமேல் ஏறவில்லை. நான் இறங்கவில்லை.
ஓட்வார் மட்டும் ஒரு நீண்ட செய்தி அனுப்பினான்.
படித்து முடிக்கவில்லை.

சாவி கொடுக்கும் நாளில்
இருவரும் மின்மானி முன் நின்று எண்ணைச் சத்தமாகப் படித்து
இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.
நாங்கள் போட்டோம்.
சாவிகள் நான்கு. ஐந்தாவது வடக்கே இருக்கிறது,
பூட்டை மாற்றிவிடு என்றேன்.
மாடிப்படியில் ஆறாவது முனகும்,
அது எந்தப் படிவத்திலும் வராது.

அலமாரிக்கு என் வண்டியில் இடமில்லை.
அவளே வைத்துக்கொண்டாள்,
அதே சுவரோரம்,
காற்றுப் போக
ஒரு சாண் தள்ளி.