இரண்டாம் வாய்

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலை.
பதினொரு மணிக்கு வெளுத்து
மூன்றரைக்கு இருட்டிவிடும் மாதம்.
பனிச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில்
ஸ்டெய்ன்வோர் மூன்றாவது காப்பியை
ஆறவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

மலையில் ஒன்பது கம்பங்கள்.
ஒவ்வொன்றும் தன் காலடிப் பனியை அளந்து
இரவு இரண்டு மணிக்குச் சொல்லும்.
நிரல் அதை வாங்கி அச்சிடும்:
கம்பம் ஒன்று, நூற்றுப் பதினெட்டு.
கம்பம் இரண்டு, தொண்ணூற்றாறு.
கணக்குப்பிள்ளையின் குரல்,
ஏற்ற இறக்கம் கிடையாது.

அது முதல் வாய்.

இன்னொரு வாயும் உண்டு நிரலுக்கு,
முறையிடுவதற்கென்று.
திரையில் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே கறுப்பு.
எது எந்த வாயிலிருந்து விழுந்ததென்று
கண்ணால் பிரிக்க முடியாது.
முதலாவது சேர்த்துவைத்து, நிரம்பியபின் பேசும்.
இரண்டாவதற்கு அந்தப் பொறுமை இல்லை.
பின்னால் நேர்ந்த கோளாறு
முன்னால் வந்து நிற்கும்,
ரேஷன் வரிசையில் இடித்துக்கொண்டு
நுழைகிறவனைப் போல.

சோதனைகள் அறுபத்தொன்று. எல்லாம் பச்சை.

ஏழாம் கம்பம், நூற்று நாற்பத்திரண்டு.
நேற்றும். முந்தாநாளும்.
சனிக்கிழமைப் புயலுக்குப் பின்
அவள் தன் காரையே மண்வாரியால் தேடி எடுத்தாள்.
ஏழில் மட்டும்
ஒரு சென்டிமீட்டர் ஏறவில்லை, இறங்கவில்லை.
கிளிப்பிள்ளை.

இரவில் தானே ஓடும் கோப்பைத் திறந்தாள்.
கடைசி வரியில்
இரண்டாம் வாயின் பேச்சு முழுவதையும்
அடியில்லாக் குழியில் கொட்டும் கட்டளை.
பக்கத்தில் ஓக்முண்டுரின் குறிப்பு:
'இரைச்சல் தாங்கவில்லை, பிறகு பார்க்கலாம்.'
அவன் வேலையை விட்டு
காட் மீன் கப்பலேறி இரண்டு வருடம்.

கட்டளையை எடுத்தாள். கையால் ஓட்டினாள்.
இரண்டு வாய்க்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்தாள்.
ஒன்றில் எண்கள்.
மற்றதில்:

'ஏழாம் கம்பம் பதில் தறவில்லை.
பழைய அளவையே எழுதுகிறேன்.
யாராவது போய்ப் பாருங்கள்.'

பத்தொன்பது இரவுகள்.
செவிடன் காதில் ஊதியிருந்தாலும்
சங்கின் மூச்சுக்காற்றாவது பட்டிருக்கும்.
இங்கே காதே வைக்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே
தோர்லாக்குர் பனிவண்டியில் ஓரமாகச் சுற்றிப் போனான்.
வானொலியில் மூச்சு வாங்கியது:
'சாய்ந்து கிடக்கிறது. குச்சியால் அளந்தேன்.
இருநூற்று முப்பத்தொன்று.'

கீழ்ச்சாலையை மூடினார்கள்.
மீன் ஆலையின் இரவுக்காரர்கள்
சம்பளம் போன எரிச்சலில் திட்டிக்கொண்டே
வீடு திரும்பினார்கள்.
சரிவு வரவில்லை. அன்றும், மறுநாளும்.
வராத ஒன்றுக்கு
யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

ஸ்டெய்ன்வோர் சோதனை எழுத உட்கார்ந்தாள்.
ஒன்பது கம்பமும் பேசினால்
இரண்டாம் பாத்திரம் காலியாக இருக்க வேண்டும்.
வெறுமையை வெறுமையோடு ஒப்பிட்டு
சரி என்று குறி போடும் வேலை.
பாத்திரம் வைத்தால்தானே
அது காலி என்று தெரியும்.

ஏழு பேசாவிட்டால், அந்த மூன்று வரி,
எழுத்துக்கு எழுத்து.

ஓட்டினாள். சிவப்பு.
எதிர்பார்த்தது, கிடைத்தது: இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.
கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு.
சேர்த்தாள். மறுபடி சிவப்பு.
மூக்கு திரையில் படும்வரை குனிந்தாள்.

'தரவில்லை' என்று எழுதியிருந்தாள்.
நிரல் சொன்னது 'தறவில்லை'.
கை தானாகத் திருத்தியிருக்கிறது.

நிரலுக்குள் போய் மாற்றலாம், நொடி வேலை.
விரல் விசைமேல் நின்றது.
பத்தொன்பது இரவும்
இந்தப் பிழையோடுதான் அது கூப்பிட்டது.
சோதனையில் இருந்த ர-வை அழித்தாள்.
ற போட்டாள்.
பச்சை.

அன்றிரவு ஓக்முண்டுருக்கு,
வடக்குக் கடலில் எங்கோ இருப்பவனுக்கு,
ஒரு வரி அனுப்பினாள்:
'உன் எழுத்துப்பிழையை வைத்துக்கொண்டேன்.'

இதுவரை பதில் தறவில்லை.