இல்லை என்றால் இரண்டு

ஆம் என்றால் ஒன்று.
இல்லை என்றால் இரண்டு.
தெரியாது என்றால் எட்டு.
பதினோரு வருடமாக என் விரல்களுக்குத்
தெரிந்த வாய்பாடு இவ்வளவுதான்.

டொலீடோவில் ஜனவரி.
என் பூட்ஸில் ஒட்டிய சாலை உப்பு
ஹார்லன் ப்ரூயிட்டின் மிதியடியில் கரைந்துகொண்டிருந்தது.
கண்ணாடி ஆலையில் இருபத்தாறு வருடம்;
மூடியபோது முதுகை மட்டும் திருப்பித் தந்தார்கள்,
அதுவும் பழுது, என்றார்.
சிரித்தேன். சிரிக்க விதியில் தடையில்லை.

நாற்பத்து மூன்றாம் கேள்வி:
சென்ற ஆண்டில் இந்த வீட்டில் யாராவது,
ஒரு மாதமாவது,
அரசின் உணவு உதவி பெற்றீர்களா?

இல்லை.

ஃபிரிட்ஜ் கதவில், மீன் வடிவக் காந்தத்தின் கீழ்,
கவுன்ட்டி அலுவலகக் கடிதம்.
புதுப்பிக்கவேண்டிய தேதியைச் சுற்றிச்
சிவப்பு மையில் வட்டம்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
எழுதியபடி படி, விளக்காதே, தூண்டாதே,
சொன்னதைப் பதி.
இரண்டை அழுத்தினேன்.

"அட்டை என் பேரில்தானே இருக்கு"
உள்ளறையிலிருந்து வெர்னாவின் குரல்,
அவரிடமோ, சுவரிடமோ.
திருத்தட்டுமா என்றேன்.
நாய்க்குத் தண்ணீர் வைக்க எழுந்துபோனார்.

இனி இது மேரிலாந்து போகும்.
ஜன்னலில்லாத அறையில் யாரோ
பெயரைக் கழற்றிவிட்டு
மாநிலத்தின் பட்டியலோடு என் பட்டியலைப் பொருத்துவார்கள்.
அங்கே ஒன்பது மாதம் பணம் ஏறியிருக்கும்.
இங்கே இரண்டு.
இடைவெளிக்குப் பிழை என்று பெயர்.
மறதியா, மனைவியின் அட்டையா,
பெற்றீர்களா என்ற சொல்லுக்குள்
ஏந்திய கை ஒன்று தெரிந்துவிட்டதா,
இருபத்தாறு வருட வரி
திரும்பி வந்தால் அது உதவியா,
பிழைக்குள் பிரிவுகள் கிடையாது.

போன வாரம் மயோலா டீட்ஸ் ஆம் என்றாள்.
விண்ணப்பித்து, வரிசையில் நின்று,
இருமுறை மறுக்கப்பட்டவள்.
"அலைஞ்சது கணக்கில்லையா?"
ஒன்றை அழுத்தினேன்.

ஆற்றங்கரை மாளிகையில் ஒருவர்
கேள்வி முடியுமுன்னே இல்லை என்றார்,
கோல்ஃப் பையைத் துடைத்தபடி.
இருப்பவரின் இல்லையும்
இல்லாதவரின் இல்லையும்
ஒரே இரண்டு.

காரில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கோட்டில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டார் ஹார்லன்.
முன்கண்ணாடியின் மூலையில் குனிந்து,
நகத்தளவு முத்திரையைத் தட்டிக் காட்டினார்.
"இது நாங்க செஞ்சது."

நான் கேட்கவே இல்லை.