பிரிவு பொருந்தாது

ஆட்டோக்காரர் சேர்மக்கனி மேசைமேல் வைத்தது
மூன்று கிலோப் பை, பாதி காலி.
வாயைக் கட்டியிருந்தது ஒரு சடை ரப்பர்,
சிவப்பு. மகளுடையதாக இருக்கும்.

"இதுக்கு ஒங்க ஆபீஸுதான்னு சொன்னாவ மேடம்."

கொக்கிரகுளம், ஆட்சியர் வளாகம், இரண்டாம் மாடி.
சன்னலுக்கு வெளியே ஆறு,
சித்திரைக்கு அது போதும் என்கிற அளவில்.

நான் உணவுப் பாதுகாப்பு அலுவலர்.
கருப்பட்டியில் சீனிப்பாகு கலந்தால் என் வேலை.
பச்சைப் பட்டாணியின் சாயம்,
வண்ணார்பேட்டை பஸ் திரும்பும் முக்கில்
கொதித்துக் கொதித்துக் கறுத்த எண்ணெய்,
தேதி அடிக்காத தண்ணீர் பாக்கெட்,
எல்லாம் என் வேலை.
அரக்கு இருக்கிறது. மெழுகுவர்த்தி இருக்கிறது.
மாதிரியை நாலாகப் பிரிக்க
நாலு போத்தல் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது.

பையைத் திருப்பினேன்.
முன்பக்கம் வழவழவென்று ஒரு சீமை நாய்.
பெரிய எழுத்தில் கோழி இறைச்சி,
பக்கத்தில் கடுகளவில் 'சுவை'.
செய்த ஊர் இல்லை. தொகுதி எண் இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளை ஸ்டிக்கர். சுரண்டினால்
இன்னொரு வெள்ளை ஸ்டிக்கர்.
அடியில் ஒரு வரி மட்டும் அச்சு மங்காமல்:
மனிதர் உண்பதற்கன்று.

என் எல்லைக்கல்லை அந்த வரியில் நட்டிருந்தார்கள்.
மனுவின் ஓரத்தில் 'பிரிவு பொருந்தாது' என்று
எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.
அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

கால்நடைத் துறைக்கு போன் போட்டேன்.
"மாட்டுத் தீவனம்னா சொல்லுங்க, பாப்போம்.
நாய் எத்தனை லிட்டர் கறக்கும்?"
சிரித்தார். நல்ல மனுஷர்தான்.
அவரிடமும் படிவம் இல்லை.
எடையளவுத் துறை புதுப் பை ஒன்றை நிறுத்துவிட்டு
மூன்று கிலோ சரியாக இருக்கிறது என்றது.

ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில்
ஆய்வகத்துப் பெண் ஒருத்தி மட்டும்
யாருடைய மாதிரி என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.
மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு.
ஈரல் தாங்குவதற்கு எத்தனையோ மடங்கு மேலே.
"லெட்டர்பேடில் தரமுடியாது மேடம்."
துண்டுத் தாளில் எழுதித் தந்தாள், பென்சிலால்.

நாயின் பெயர் கேட்டேன், பதிவேட்டுக்காக அல்ல.
கருக்கலாம். விடியுமுன் வந்து
ஆட்டோவுக்கடியில் படுத்துக் கிடந்த குட்டி.

"மொத நாளே மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போயிட்டான் மேடம்.
மறுநாளும் அப்பிடித்தான்.
முன்னூத்தம்பது ரூவால்லா?
நாந்தான் மீன்கொழம்ப ஊத்திப் பெசஞ்சேன்.
எனக்காவத் தின்னான்."

ரப்பரை ஒருமுறை அவிழ்த்து
மறுபடி கட்டினார்.

ஆவணியில் வந்தது சுற்றறிக்கை:
வளர்ப்புப் பிராணி உணவுக்கும் இனி விதி.
வரைவு நாற்பது பக்கம். கருத்துக்கு இரண்டு வாரம்.
நஞ்சுக்கு உச்சவரம்பு, தொகுதிக்கு எண்,
கெட்ட சரக்கைத் திரும்பப் பெற வழி.
குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்,
பிறகு முதல் பக்கத்துக்கு வந்தேன்.
நுகர்வோர் என்பவர் பணம் கொடுத்து வாங்குபவர்.

நம் மொழியில் நுகர்வது மூக்கும்தானே.

கருக்கல் நுகர்ந்தான்.
ஒருமுறை அல்ல, இருமுறை.
கருவி கேட்கவில்லை, கட்டணம் கேட்கவில்லை,
அறிக்கையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.
மேல்முறையீட்டில்
மீன்குழம்பு ஊற்றித் தள்ளுபடி செய்துவிட்டோம்.

கருத்துக் கட்டத்தில் எழுதினேன்:
வாங்குபவர் ஒருவர், நுகர்பவர் வேறொருவர்;
இருவரையும் தனித்தனியே வரையறுக்கவும்.
பின்னவர் இருமுறை மறுத்தால்
அதையும் புகாராகக் கொள்ளவும்.

மேலதிகாரி இரண்டாவதை அடித்துவிட்டார்.
முதலாவது போயிருக்கிறது.

பை இன்னும் என் பீரோவில்.
மாதிரி எண் தர இன்னும் விதி இல்லை,
சிவப்பு ரப்பர்தான் அடையாளம்.
டீ சிந்தினால் ஐந்தே நிமிடத்தில்
எறும்பு வரிசை கட்டும் ஆபீஸ் இது.
நாலு மாதமாகப் பார்க்கிறேன்,
அந்தத் தட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை.