முந்நூற்றுப் பன்னிரண்டு

பிரேக் பெடல் தரையைத் தொட்டது ஒரு வியாழக்கிழமை.
லியூபெல் சுரங்கம் தாண்டி, ஆஸ்திரியப் பக்கத்து இறக்கம்.
முன்னே மரக்கட்டை லாரி.
என் காலடியில், கெட்டியாக ஏதோ இருந்த இடத்தில்,
நனைந்த பஞ்சு.
இரண்டாம் கியர், கைபிரேக், ஒரு கெட்ட வார்த்தை,
மூன்றும் சேர்ந்துதான் நிறுத்தின.
கிளாகன்ஃபுர்ட்டில் இரவுப் பணிக்கு எட்டு நிமிடத் தாமதம்;
வார்டில் யாரும் கேட்கவில்லை.
கையுறை மாட்டும்போதுதான் பார்த்தேன்,
விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

தம்பி அன்ஷே அன்றே படம் அனுப்பினான்:
ரத்தச் சிவப்பில் காலிப்பர்,
ஆறு பிஸ்டன், துளையிட்ட ரோட்டர்.
"யெர்னேயா, இதைப் போட்டால்
நீ நினைப்பதற்குள் கார் நிற்கும்."
விலையைப் பார்த்தேன்.
நான் நினைப்பதற்குள் சம்பளமும் நின்றுவிடும்.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
ஒரு வாரம் அந்தச் சிவப்போடு தூங்கினேன்.

பிறகு சூப் பொட்டல அட்டையை வெட்டி
காலிப்பரின் உருவம் செய்து
பனிக்காலச் சக்கரத்துக்குள் நுழைத்தேன்.
பதினாறு அங்குலம். அட்டை மடங்கியது.
இரும்பு மடங்காது.

துளைகளையும் விட்டேன்.
எலும்பு முறிந்த படங்கள் ஆயிரம் பார்த்த கண்ணுக்குத் தெரியும்
விரிசல் எங்கே பிறக்க ஆசைப்படும் என்று.
பந்தயத்துப் பேட் சூடேறினால்தான் பிடிக்குமாம்.
என் முதல் பிரேக்கோ
மைனஸ் பதினொன்றில், வாசலைத் தாண்டிய மூன்றாம் மீட்டரில்,
குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு குறுக்கே வரும்
திருவாளர் ஹோச்செவாருக்காக.
அவருக்கு வார்ம்-அப் சுற்று கிடையாது.

ஒவ்வொரு இரவும் அறுநூறு மீட்டர் மலையை
இரண்டு இரும்புத் தட்டில் இறக்கி வைக்கிறேன்.
மலை சூடாகத்தான் இறங்கும்.
தட்டு பெரிதாக இருக்கட்டும், கனமாக இருக்கட்டும்,
நடுவே காற்று போக வழி இருக்கட்டும்.
வேறென்ன.
அதே கம்பெனியின் கனத்த வண்டி ஒன்றில் வரும்
முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்,
மொழுக்கென்று, துளையில்லை, கோடில்லை.
அதற்கேற்ற காலிப்பர், ஒற்றைப் பிஸ்டன்,
சாயம் பூசாதது.

ஸ்லாவிட்சாவின் பட்டறையில் காரைத் தூக்கினார்கள்.
பழைய பிரேக் ஆயிலைக் கண்ணாடிக் குப்பியில் இறக்கி
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
ஆறிப்போன தேநீர்.
"எத்தனை வருஷம்?"
ஆறு.
"தண்ணீர் குடித்துக் கொதித்திருக்கிறது.
ரோட்டர் தேய்ந்ததும் உண்மைதான்,
ஆனால் அன்றைக்கு உன்னைக் கைவிட்டது இது.
பதினெட்டு யூரோ சாமான்."

ஒவ்வொரு மருந்துக் குப்பியிலும்
காலாவதித் தேதியை இருமுறை படிப்பவள் நான்.
எதுவும் சொல்லாமல்
அவளிடமிருந்த துணியை வாங்கித் துடைத்துக்கொண்டேன்,
அழுக்கே இல்லாத கையை.

ஞாயிறு விடியல். தெர்ஷிச்சுக்குக் கீழே ஆளில்லாத நேர்ச்சாலை.
புதுப் பேடும் புது ரோட்டரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும்:
எண்பதிலிருந்து இருபதுக்கு, பத்து முறை.
நடுவில் நிற்கவே கூடாது.
நின்றால், சுட்ட இடத்தில்
பேட் தன் அச்சைப் பதித்துவிடும்.
ஏழாவது முறை
பின்னால் நீல விளக்கு.

ஜன்னலை இறக்கினேன். நடை வேகத்தில் உருட்டினேன்.
போலீஸ்காரி இறங்கி வந்து என்னோடு நடந்தாள்.
"நிறுத்துங்கள்."
"முடியாது."
"பிரேக் இல்லையா?"
"இருக்கிறது. புதிது. அதனால்தான்."
கருகிய பிசின் வாசம்
எங்கள் இருவருக்கும் நடுவே ஏறியது.
அவள் நடந்தபடியே குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தாள்,
சிவப்பாக ஏதாவது தெரியுமென்று நினைத்தாளோ என்னவோ.
பத்தடி தூரம் பேச்சில்லை.
"இன்னும் எத்தனை?"
"மூன்று."
தொப்பியை அழுத்திப் பிடித்து ஓரம் ஒதுங்கினாள்.
இரண்டாம் கியர் போட்டேன்.