பழைய புதுசு

மெழுகுத்தாளைப் பிரித்தேன்.
அறுபத்திரண்டாம் வருடத்துக் கிரீஸ்
காதுக்குறும்பிபோல் மஞ்சளாய் இறுகியிருந்தது.
இரண்டு சிலிண்டர்கள்.
ஒருமுறைகூட உள்ளே நெருப்பைப் பார்க்காதவை.
"அப்படியே மாட்டிவிடலாம்" என்றான்
ஒலொமோட்ஸ் சந்தையில் விற்றவன்.
பதினெட்டு வருடமாய் டிராம் ஓட்டுகிறேன்,
அப்படியே போய்விடலாம் என்று நினைத்தவர்களை
தண்டவாளத்தில் நிறையப் பார்த்தாயிற்று.

ப்ர்னோவில் நவம்பர். கொட்டகைக் கதவிடுக்கில் பனி.
முந்தின இரவே சிலிண்டர்களையும் அளவுகோலையும்
ஒரே பலகையில் வைத்துவிட்டுப் போனேன்,
ஒரே குளிரில் உறங்கி எழட்டும் என்று.
இல்லையென்றால் அளவு பொய் சொல்லும்.

மேலே ஒன்று, நடுவே ஒன்று,
வாய்களுக்குச் சற்று மேலே ஒன்று.
கால்வட்டம் திருப்பி மறுபடி மூன்று.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தெட்டும் ஒரு தூசும்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது
ஸ்திபோர், என் அக்காவின் கணவர்.
ஜூலையிலிருந்து, கூப்பிட்டால் வருகிறார்.
கூப்பிடாவிட்டாலும் வருகிறார்.

ஜூலையில்தான்,
டிஷ்னோவ் ஏற்றத்தில் என் ஜாவா
பின்சக்கரத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டது.
கிளட்ச் கைக்கு வருவதற்குள்
தாரில் கறுப்பாய் ஒரு கோடு.
மழை இரண்டு பெய்தும் போகவில்லையாம்.

கழற்றிப் பார்த்தபோது பிஸ்டன் ஒளிக்கவில்லை.
சூட்டில் மட்டும் பிடித்திருந்தால்
காயம் புகை போகிற பக்கத்தில் இருக்கும்.
இதிலோ சுற்றிலும் கீறல்,
எண்ணெயே காணாத உலோகம்.
இருபத்தைந்துக்கு ஒன்று, மறக்க முடியாத கணக்கு.
அன்று பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தவர் ஸ்திபோர்.
நான் கேட்கவில்லை.
ஐந்து மாதம் கேட்காமலிருந்ததில்
எனக்குக் கொஞ்சம் சுகமும் இருந்தது.

வாய்களின் விளிம்பு
ஆலையிலிருந்து வந்தபடியே கத்தி.
நிமிடத்துக்கு நாலாயிரம் தரம்
ரிங் அதைக் கடந்து போக வேண்டும்.
ஒரு தரம் தடுக்கினால் போதும்.
எலிவால் அரத்தால் தேய்க்கிறேன்,
மேல்விளிம்பு, கீழ்விளிம்பு,
கண்ணுக்குத் தெரியாமல், நகத்துக்கு மட்டும் தெரிகிற அளவு.

பக்கவழிக்குள் சுண்டுவிரலை விட்டேன்.
நெறுநெறுவென்றது.
கம்பியால் சுரண்ட, உள்ளங்கையில்
ஒரு சிட்டிகை மணல்.
வார்ப்பு மணல்.
தட்டி உதிர்க்க வேண்டியவனுக்கு
வீட்டுக்குப் போகும் நேரமாகியிருக்கும்.
அப்படியே மாட்டியிருந்தால்
நாலு கிலோமீட்டர் ஓடியிருக்கும், அதிகம் போனால் ஐந்து.

ஸ்திபோரும் விரலை விட்டுப் பார்த்தார்.
நுழையவில்லை, தடித்த விரல்.
அதை வெளியே எடுக்காமலே சொன்னார்:
"அன்றைக்கு எண்ணெய்...
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
குப்பி கையில்தான் இருந்தது.
கையிலேயே இருந்தது."

"விளக்கு கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றேன்.

ரிங்கை உள்ளே இறக்கி
முனைகளின் இடைவெளிக்குள் தகட்டைச் செருகினேன்.
கால் மில்லிமீட்டர். சூடானால் நீளும்,
நீள இடமில்லையென்றால் முட்டி உடையும்.
"நம் வீடுகளிலும் இப்படித்தான்..." என்று தொடங்கினார்.
உவமை வேண்டாம், ஸ்திபோர்.
வெந்நீர் கொண்டுவாருங்கள்.

சோப்பும் பிரஷும்.
துடைத்த முதல் துணி சாம்பல் நிறம்.
இரண்டாவதும்.
நாலாவதில் விளிம்போரம் ஒரு நிழல்.
ஈரம் காய்ந்த நொடியே எண்ணெய் தடவ வேண்டும்,
வெற்றிரும்பு பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சிவந்துவிடும்.
இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

ஆறாவது துணியை அவரே துடைத்து எடுத்தார்,
விளக்கடியில் விரித்தார்.
"வெள்ளை" என்றார்.

வாங்கிப் பார்த்தேன்.
வெள்ளைதான்.

"இன்னொரு தடவை" என்றேன்.
வாளியை எடுத்துக்கொண்டு
பனிக்குள் போனார்.