ரிமாண்ட் உத்தரவு

தேவகோட்டைக் கோர்ட்டில்
தட்டச்சு என் வேலை.
ரிமாண்ட் உத்தரவில் ஒரு வரியை
முன்பே அடித்து வைத்திருப்பேன்:
"காவலர்கள் மீது புகார் ஏதுமில்லை."
பதினோரு வருஷமாய் அதைத் தொட்டதில்லை.

இன்று சொர்ணலிங்கம்.
கானாடுகாத்தானில்
இடிக்கிற வீட்டுத் தேக்குத்தூண் சுமந்தவன்.
வெண்கலப் பூட்டு ஒன்று காணோமாம்.

"அடிச்சாங்களா?"

பக்கத்தில் நின்ற ஏட்டையாவின்
பூட்ஸைப் பார்த்தான்.
"இல்லீங்கம்மா."

போன மாதம்தான் மாற்றலாகி வந்த மாஜிஸ்திரேட்
பேனாவை மூடினார்.
"ஏட்டு, நீங்க வெளிய இருங்க."

கதவு சாத்தியபின்
மின்விசிறி இரைவது கேட்டது.
அவன் சட்டைப் பித்தானை
ஒவ்வொன்றாய்க் கழற்றினான்,
இடது கையால் மட்டும்.

"ஏதுமில்லை"யை அழித்தேன்.
"புகார்" என்ற சொல்லை ஒட்டி
கர்சர்
துடித்துக்கொண்டு நின்றது.